காத்திருப்போர் பட்டியலில் நம் பிள்ளைகள்



அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரிகள் பல, தங்கள் சேர்க்கை முடிவுகளை அந்நாட்டின் கிழக்குப் பகுதி நேரப்படி மாலை 7 மணிக்கு வெளியிடுகின்றன. மார்ச் மாத இறுதியில் அது நமக்கு அதிகாலை 4.30 மணி. கடந்த 2025ஆம் ஆண்டு தவக்காலத்தின் நடுவே ஒரு நாள், கோவிலில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. மகள் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் அவளுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். அன்று நான்கு கல்லூரிகளின் பதில் வந்தது. மூன்று கல்லூரிகள் வருத்தம் தெரிவித்திருந்தன. நான்காவது கல்லூரி, அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாக எழுதியிருந்தது.

கணக்கை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறோம். அவள் விண்ணப்பித்தது பதினொரு கல்லூரிகளுக்கு. எட்டில் மறுப்பு, இரண்டில் காத்திருப்பு, ஒன்றில் இடம். இடம் தந்த கல்லூரி அறிவித்த உதவித்தொகை போக, நாங்கள் கட்ட வேண்டியிருந்த தொகைக்கு எங்கள் வீட்டை விற்றாலும் இரண்டு ஆண்டுகள்தான் தாக்குப்பிடிக்கும். அதனால் அந்த இடமும் எங்களைப் பொறுத்தவரை மறுப்பாகவே முடிந்தது.

இதை ஏன் இங்கே எழுதுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இன்று நம் பங்குகள் பலவற்றில் இருக்கிறார்கள். 2023-24ஆம் கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர் என்று அந்நாட்டு ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கை கூறுகிறது. அவர்களில் இளநிலைப் பட்டப்படிப்பில் இருந்தவர்கள் 36,053 பேர் மட்டுமே. பெரும்பாலோர் முதுநிலைக்குச் சென்றவர்கள். விமானம் ஏறியவர்களின் கணக்கு இது. விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல், யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்ட பிள்ளைகள் இதில் இல்லை. அவர்களுடைய பெற்றோருக்காகவே இதை எழுதுகிறோம். நாங்கள் தெரியாமல் செய்த சில தவறுகளை அவர்களாவது தவிர்க்கலாம்.

முதல் தவறு, அந்தப் பட்டியலைப் புரிந்துகொண்ட விதத்தில் இருந்தது. காத்திருப்போர் பட்டியல் என்றதும் நமக்கு ரயில்தான் நினைவுக்கு வருகிறது. மகள் கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள், “எத்தனையாவது நம்பர்?” என்று கேட்டோம். ரயிலில் நம் எண் 18 என்றால், நான்கு பேர் பயணத்தை ரத்து செய்ததும் 14 ஆகும். சார்ட் போடும்வரை நம்பிக்கையோடு இருக்கலாம். பொறியியல் கலந்தாய்விலும் அப்படித்தான். 200க்கு இவ்வளவு கட்-ஆஃப், இந்த ரேங்க், நமக்கு முன்னால் இத்தனை பேர் என்று எல்லாம் தெரிந்துவிடும். இந்தப் பழக்கத்தோடுதான் நாம் அமெரிக்கக் கல்லூரியின் கடிதத்தையும் வாசிக்கிறோம்.

அங்கே நடப்பது வேறு. பெரும்பாலான கல்லூரிகளின் காத்திருப்போர் பட்டியலில் வரிசை எண் என்பதே கிடையாது. இடம் பெற்ற மாணவர்கள், வருகிறோமா இல்லையா என்பதைப் பொதுவாக மே 1ஆம் தேதிக்குள் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கல்லூரி எண்ணிப் பார்க்கிறது. பொறியியலில் குறைவா, இலக்கியத்தில் குறைவா, முழுக் கட்டணம் செலுத்துவோர் குறைந்துவிட்டார்களா என்று பார்த்து, அந்தக் குறையை நிரப்பக்கூடியவரைப் பட்டியலின் எந்த மூலையிலிருந்தும் எடுக்கிறது. குறையே இல்லையென்றால் யாரையும் எடுப்பதில்லை. ஓர் ஆண்டு நூறு பேருக்கு மேல் எடுக்கும் கல்லூரி, இன்னோர் ஆண்டு ஒருவரைக்கூட எடுக்காமல் போவதுண்டு.

இப்படியொரு பட்டியலை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கோபத்தோடு கேட்டோம். காரணம் புரிந்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. ஒரு மாணவர் பத்து, பதினைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதால், இடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்பது எந்தக் கல்லூரிக்கும் தெரியாது. கணிப்பு தவறினால் என்னவாகும் என்பதற்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் ஓர் எடுத்துக்காட்டு. 2017ஆம் ஆண்டில் அது எதிர்பார்த்த புதிய மாணவர்கள் ஏறக்குறைய 6,250 பேர். வருவதாகச் சொன்னவர்களோ ஏறக்குறைய 7,100 பேர். சான்றிதழ் தாமதம், மதிப்பெண் குறைவு என்று காரணம் சொல்லி 499 பேரின் இடங்களை அது திரும்பப் பெற்றது. மாணவர்களும் பெற்றோரும் கொதித்தெழுந்தபின், பெரும்பாலோருக்கு மீண்டும் இடம் கொடுத்தது. எனவே கல்லூரிகள் முதலில் கையைச் சற்று இறுக்கிக்கொண்டு, பலரைக் கதவருகே நிறுத்திவைக்கின்றன. கல்லூரிக்கு அது பாதுகாப்பு. கதவருகே நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது என்ன என்பதை நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நிற்பவர்களின் எண்ணிக்கையும் சாதாரணமானதல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில், காத்திருக்கச் சம்மதிப்பவர்களே ஓர் ஆண்டில் பத்தாயிரத்துக்கும் மேல். இந்த எண்களை யாரும் மறைப்பதில்லை. ‘காமன் டேட்டா செட்’ என்னும் அறிக்கையைப் பல கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் இணையதளத்தில் வெளியிடுகின்றன. அதில் சி2 என்ற பகுதியைத் திறந்தால், எத்தனை பேருக்குக் காத்திருக்க வாய்ப்புக் கொடுத்தார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற மூன்று எண்களும் இருக்கும். பட்டியலுக்கு வரிசை எண் உண்டா என்பதும் அங்கேயே இருக்கும். நாங்கள் அதைப் பார்த்தது ஏப்ரல் மாதக் கடைசியில். முதல் நாளே பார்த்திருந்தால் ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

அடுத்து, பணம். இதைப் பற்றி நம்மிடையே வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஆனால் வெளிநாட்டு மாணவரைப் பொறுத்தவரை இதுவே விஷயத்தின் நடுப்பகுதி. அமெரிக்காவின் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் ஏறக்குறைய 70 லட்சம் ரூபாய். உதவி வேண்டும் என்று விண்ணப்பத்தில் குறித்துவிட்டால், பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் இடத்தை முடிவு செய்யும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பிள்ளை நன்றாகப் படிக்கிறவள்தான். ஆனால் உதவிக்காக ஒதுக்கிய தொகை அவள் பெயர் வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

பணத்தேவையைப் பார்க்காமல் வெளிநாட்டவருக்கும் இடம் கொடுத்து, தேவையான முழு உதவியையும் தருகிற கல்லூரிகள் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை நெடுங்காலமாக இப்படிச் செய்கின்றன. டார்ட்மத், போடின் கல்லூரிகள் 2022இல் இந்த வரிசையில் சேர்ந்தன. திருச்சிலுவைத் துறவு சபையினர் 1842இல் தொடங்கிய நோட்டர்டாம் பல்கலைக்கழகமும் 2024 செப்டம்பரில் இதை அறிவித்தது. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் இத்தகைய கல்லூரிகளுக்குத்தான் உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் குவிகின்றன. எம்.ஐ.டி.யில் அண்மை ஆண்டுகளில் விண்ணப்பித்த நூறு பேரில் நான்கு அல்லது ஐந்து பேருக்கே இடம் கிடைக்கிறது. வெளிநாட்டவரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது சுமார் இரண்டு பேர்.

“அப்படியென்றால் என் மார்க் போதவில்லையா?” என்று மகள் திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. பிறகு ஒரு செய்தியைப் படித்துக் காட்டினோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது தொடரப்பட்ட வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டபோது, ஓர் ஆண்டின் விண்ணப்பக் கணக்கு வெளியே வந்தது. அந்த ஆண்டு விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களில் மட்டும் 8,000க்கும் மேற்பட்டோர் பள்ளியில் முழு மதிப்பெண் சராசரி பெற்றவர்கள். கல்லூரி இடம் கொடுத்ததோ மொத்தமாக 2,000 பேர் அளவுக்குத்தான். முழு மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் வைத்தே அந்த வகுப்பை நான்கு முறை நிரப்பியிருக்கலாம். அவள் அதைக் கேட்டுவிட்டு, “இது ஆறுதலா, பயமுறுத்தலா?” என்றாள். இரண்டும்தான் என்று சொன்னோம்.

இனி, என்ன செய்யலாம் என்பது. காத்திருக்கும் வாய்ப்பு வந்தால், விருப்பமிருந்தால் சம்மதம் தெரிவிக்கலாம். அதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. ஆனால் அதோடு, கையில் இருக்கும் இடத்தையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மே 1க்குள் ஒரு கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டு, இன்னொரு கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் இருப்பது தவறல்ல. ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிகளில் முன்பணம் கட்டுவதுதான் தவறு. தெரிந்தால் இரண்டு இடமும் போகலாம். பட்டியலிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் கட்டிய முன்பணம் திரும்பாது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

நம் ஊரில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கல்லூரி அழைக்கட்டும் என்று நாம் காத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இங்கே கல்லூரி விண்ணப்பங்கள் தொடங்கி முடிகின்றன. எங்கள் மகள் விரும்பிய பாடத்துக்கு ஒரு கல்லூரியில் விண்ணப்பக் கடைசி நாளை நாங்கள் தவறவிட்டோம். அமெரிக்கக் கடிதம் எதுவும் அதற்குக் காரணமல்ல. ‘அங்கே கிடைத்துவிடும்’ என்ற எங்கள் நினைப்புதான் காரணம். இரண்டாவது கல்லூரிக்கு அவளே விண்ணப்பித்தாள், எங்களிடம் கேட்காமலேயே.

பட்டியலில் இருக்கும் மாணவர் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். விண்ணப்பித்த பிறகு நடந்தவற்றை, அதாவது புதிய மதிப்பெண்ணை அல்லது முடித்த வேலையை, எழுதி, அழைத்தால் நிச்சயம் வருவோம் என்பது உண்மையானால் அதையும் சொல்லலாம். மாணவர் தாமே எழுத வேண்டும். அப்பா எழுதிய ஆங்கிலம் அங்கே உடனே தெரிந்துவிடும் (முதல் வரைவை எழுதியவர் எங்களில் யார் என்று சொல்லத் தேவையில்லை). எதையும் அனுப்ப வேண்டாம் என்று கல்லூரி சொல்லியிருந்தால் அனுப்பக்கூடாது.

சிபாரிசுக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம்தானே, ஆயரிடம் ஒரு கடிதம் வாங்கினால் என்ன என்று ஒரு நண்பர் சொன்னார். நாங்களும் ஆயர் இல்லம் வரை சென்றோம். அங்கே இருந்த அருள்பணியாளர் ஒருவர், “ஆயருக்கு உங்கள் மகளைத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். மாணவரை நேரில் அறியாதவர் எழுதும் கடிதத்தால் பயனில்லை என்று பல கல்லூரிகளே தெளிவாகச் சொல்கின்றன. அவளுக்கு மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்த ஆசிரியை முன்பே எழுதிக் கொடுத்த ஒரு பக்கம் அதைவிடப் பெரியது. நாங்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இந்த நேரத்தில்தான் முகவர்களும் வருகிறார்கள். காத்திருப்பை இடமாக மாற்றித் தருவதாகச் சொல்லி ஒருவர் எங்களிடம் பெருந்தொகை கேட்டார். அமெரிக்காவில் வில்லியம் ரிக் சிங்கர் என்பவர், பணக்காரப் பெற்றோரிடம் பணம் பெற்று, ‘பக்கவாட்டுக் கதவு’ வழியாகப் பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்த்துவந்தார். 2019 மார்ச் மாதத்தில் அது அம்பலமானது. பெற்றோர் பலர் சிறை சென்றனர். அவருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கோடிக்கணக்கில் கொடுத்தவர்களின் கதையே அப்படி முடிந்தது. சேர்க்கைக் குழுவில் ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

பட்டியலிலிருந்து அழைப்பு வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது மே, ஜூன் மாதங்களில் வரும். பதில் சொல்லச் சில நாள்களே தருவார்கள். உதவித்தொகைப் பணம் அதற்குள் பெரும்பாலும் செலவாகியிருக்கும். அமெரிக்க மாணவர் பெட்டியைக் கட்டினால் போதும். நம் பிள்ளைக்கு, முதலில் வங்கிச் சான்றுகளைக் காட்டிக் கல்லூரியிடமிருந்து ஐ-20 படிவம் பெற வேண்டும். பிறகு 350 டாலர் செவிஸ் கட்டணம், டிஎஸ்-160 படிவம், தூதரக நேர்காணல். 2025ஆம் ஆண்டு மே 27 அன்று, அமெரிக்க அரசு மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவுகளை உலகெங்கும் நிறுத்திவைத்தது. ஜூன் 18 அன்று, விண்ணப்பதாரரின் சமூக ஊடகப் பக்கங்களை ஆராய்வது என்ற நிபந்தனையோடு மீண்டும் தொடங்கியது. அந்த மூன்று வாரங்களில், எங்கள் மகளுக்கு அழைப்பு வரக்கூடாதே என்று நாங்கள் மனதுக்குள் நினைத்ததை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

முதுநிலைப் படிப்புக்குக் காத்திருப்போருக்கு ஒரு சொல். அங்கே முக்கியமான நாள் ஏப்ரல் 15. நிதியுதவியோடு இடம் பெற்றவர்கள் முடிவு சொல்ல அதுவரை நேரம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஒப்புக்கொண்டுள்ளன. எனவே அந்த நாளை ஒட்டியே பட்டியல் அசையும். அதற்கு முன் தினமும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் பயனில்லை.

வீட்டுக்குள் நாங்கள் செய்த தவறுகள் இவற்றைவிடப் பெரியவை. பிள்ளைக்கு இடம் கிடைத்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டோம். அதை அவள் காதில் விழும்படி சொன்னோம். விண்ணப்பித்ததை அன்பியக் கூட்டத்தில் அறிவித்து, எல்லோரையும் செபிக்கக் கேட்டோம். அன்புடன்தான் செபித்தார்கள். அதே அன்புடன், பாஸ்கா திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், “பாப்பா அமெரிக்கா போறதா சொன்னீங்களே, என்னாச்சு?” என்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறு அவள் திருப்பலிக்கு வர மறுத்தாள். அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளும் வரவில்லை. விசுவாசம் போய்விட்டதோ என்று பயந்தோம். அவள் சொன்னது இதுதான்: “கோவிலுக்கு வர்றது எனக்குக் கஷ்டமில்லம்மா. கோவில் வாசலைத் தாண்டுறதுதான் கஷ்டம்.”

எட்டு மறுப்புகள் வந்த அந்த நாள்களில் நாங்கள் உடனுக்குடன் சொன்ன ஆறுதல், “எல்லாம் கடவுளின் திட்டம்” என்பது. அதை நாங்கள் நம்புகிறோம். ஆனால் அதிகாலை ஐந்து மணிக்கு, அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம், அது ‘அழுதது போதும்’ என்றே கேட்டிருக்கிறது. பின்னர் அவளே இதைச் சொன்னாள். எதுவும் சொல்லாமல் அன்று அருகில் உட்கார்ந்து இருந்தவர் அவளுடைய பாட்டி. அவருக்கு அது எந்தக் கல்லூரி என்றே தெரியாது. சூடாகப் பால் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போனதும் எடுத்துப் போய் மறுபடி சூடாக்கினார்.

பிள்ளை பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால், அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது. 14416 என்ற எண்ணில் ‘டெலி-மானஸ்’ என்னும் அரசு மனநலச் சேவை இருக்கிறது. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. நாங்கள் ஒருமுறை அழைத்தோம். முதலில் பேசியது மகள் அல்ல, அவளுடைய அம்மா.

எங்கள் பங்குத்தந்தையிடம் இதையெல்லாம் சொன்னபோது, மே மாத இளையோர் கூட்டத்தில் அவர் ஒரு சிறிய மாற்றம் செய்தார். தேர்வில், சேர்க்கையில் வெற்றி பெற்றவர்களின் பெயர்களை வழக்கமாக வாசித்து கைதட்டுவார்கள். அந்த ஆண்டு பெயர்களை வாசிக்கவில்லை. எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். சில பெற்றோருக்கு அதில் வருத்தம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பாடுபட்டுப் படித்த பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்க எந்தத் தாய்க்குத்தான் ஆசை இராது? எங்கள் மகள் அந்தக் கூட்டத்துக்குப் போனாள், அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடியும்.

ஜூன் இறுதியில் அவள் சென்னையில் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனாள். பாடம் அவள் முதலில் விரும்பியதல்ல, புள்ளியியல். அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பாயா என்று கேட்டதற்கு, பட்டப்படிப்பை முடித்துவிட்டு முதுநிலைக்குப் பார்க்கலாம் என்றாள். ஜூலை மாதத்தில் ஒரு கல்லூரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த ஆண்டுப் பட்டியலை மூடிவிட்டதாக நான்கு வரிகள். அதை எங்களுக்கு அனுப்பிவிட்டு, விடுதிக்குப் பெரிய வாளி ஒன்று வேண்டும், ஞாயிறு வரும்போது கொண்டு வாருங்கள் என்று கீழே எழுதியிருந்தாள். இன்னொரு கல்லூரி இன்றுவரை எதுவும் எழுதவில்லை.